சுருக்கத்தைப் போக்குமா பெப்டைடு?

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்றார்கள் முன்னோர். அகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, முகம் இளமையாகத் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். அப்படி நினைப்பதைக் குறை சொல்வதற்கில்லை. வேலைக்குப் போகிறவர்கள், முகப்பில் நின்று வாடிக்கையாளர்களைச் சந்திப்பவர்கள், பிள்ளைகளின் திருமணத்தில் நாலு பேர் முன் நிற்க வேண்டியவர்கள் எனப் பலருக்கும் தோற்றம் ஒரு தன்னம்பிக்கை.

அந்தத் தன்னம்பிக்கையை நம்பித்தான் ஒரு பெரிய வாணிகம் நடக்கிறது. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ ஒரு பேரங்காடியின் மருந்தகத்திற்குள் நுழைந்து பாருங்கள். முகப்பூச்சு வரிசையில் உள்ள சின்னச் சின்னக் குப்பிகளில் ஒரு சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அதுதான் 'பெப்டைடு'. செம்புப் பெப்டைடு, பல்வகைப் பெப்டைடு, ஊசியில்லா போட்டாக்ஸ் என்று அதற்குப் பல பெயர்கள். குப்பி சிறியது. விலை சிறியதல்ல.

இந்தப் பெப்டைடு என்பது என்ன? அது உண்மையிலேயே முகச் சுருக்கத்தைப் போக்குமா? காசு கொடுத்து வாங்குகிறவர் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது? விளம்பரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அறிவியல் சொல்வதைப் பார்ப்போம்.

சரமும் மாலையும்

நம் உடலில் உள்ள புரதங்கள் எல்லாமே அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளால் ஆனவை. பூக்கடையில் பூத் தொடுப்பதை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு பூவும் ஓர் அமினோ அமிலம். நாலைந்து பூக்களைச் சேர்த்துக் கட்டிய சிறு சரம் பெப்டைடு. நூற்றுக்கணக்கான பூக்களைத் தொடுத்துக் கட்டிய பெரிய மாலை புரதம்.

சரம் சிறியது என்பதால் அதற்கு மதிப்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நீரிழிவு நோயாளிகள் நன்கு அறிந்த இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்டது. ஆனால் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை என்ன செய்ய வேண்டும் என்று உடல் முழுவதற்கும் கட்டளை இடுவது அதுதான். பெப்டைடுகளின் சிறப்பே இதில்தான் இருக்கிறது. அவற்றில் பல, உயிரணுக்களுக்கு இடையே செய்தி கொண்டு போகும் தூதர்கள்.

தோல் பராமரிப்பில் பயன்படுத்தப்படும் பெப்டைடுகள் இன்னும் சிறியவை. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு அமினோ அமிலங்களே அவற்றில் இருக்கும்.

தோல் ஏன் தளர்கிறது?

தோலின் மேற்பகுதி மெல்லியது. அதற்குக் கீழே உள்ள உள்தோல்தான் முகத்தைத் தாங்கிப் பிடிக்கும் அடித்தளம். அந்த அடித்தளத்தின் பெரும்பகுதி கொலாஜன் என்ற நார்ப்புரதம். கட்டடத்தில் சிமெண்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளைப் போல அது தோலுக்கு உறுதி தருகிறது. எலாஸ்டின் என்ற மற்றொரு புரதம், இழுத்தால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையைத் தருகிறது.

இந்த நார்களை உற்பத்தி செய்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் உயிரணுக்கள். இளமையில் அவை சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன. வயது கூடக் கூட உற்பத்தி குறைகிறது. பெரியவர்களின் தோலில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு கொலாஜன் குறைந்துகொண்டே போகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வரும் முதல் சில ஆண்டுகளில் இந்தக் குறைவு இன்னும் வேகமாக நடக்கிறது.

இது வயதின் வேலை. இதைவிட வேகமாகத் தோலைக் கெடுப்பது வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் உள்தோல் வரை இறங்கி, கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. புகை பிடிப்பதும் அதே வேலையைச் செய்கிறது. இரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து கூடுதலாக இருந்தால், அது கொலாஜன் நார்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைப்பாக்கிவிடும். மலேசியாவில் இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனங்களைவிட அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. ஆகவே தோலின் இளமை என்பது முகத்தில் பூசுவதோடு முடிந்துவிடும் கதை அல்ல.

கொலாஜன் குறைகிறது என்றால், கொலாஜனையே முகத்தில் பூசிக்கொண்டால் என்ன? பலரும் கேட்கும் கேள்வி இது. கொலாஜன் மிகப் பெரிய மூலக்கூறு. அது தோலின் மேலேயே தங்கி ஈரப்பதத்தைக் காக்கும், உள்ளே போகாது. வீட்டுக் கதவைவிடப் பெரிய கட்டிலை முழுதாக உள்ளே கொண்டு போக முடியுமா? அதனால்தான் ஆய்வாளர்கள் வேறு வழியைத் தேடினார்கள். நாரை வெளியிலிருந்து கொடுப்பதற்குப் பதிலாக, நாரை உற்பத்தி செய்யும்படி உயிரணுவுக்குச் சொல்லி அனுப்பலாமே என்ற எண்ணம் பிறந்தது. பெப்டைடு பூச்சுகளின் அடிப்படைக் கருத்து இதுதான்.

மூன்று வகைத் தூதர்கள்

சந்தையில் பெப்டைடுகள் பல இருந்தாலும், அதிகம் பேசப்படுபவை மூன்று.

முதலாவது, செம்புப் பெப்டைடு. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் லோரன் பிக்கார்ட், மனித இரத்தத்தின் நீர்மப் பகுதியிலிருந்து மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தார். 'ஜிஎச்கே' என்பது அதன் சுருக்கப் பெயர். இது செம்பு அணுவை இறுகப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. காயம் ஆறுவதற்கும் கொலாஜன் நார்கள் ஒன்றோடொன்று பிணைவதற்கும் செம்பு தேவை. 1988-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், செம்போடு சேர்ந்த இந்தப் பெப்டைடு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்களில் கொலாஜன் உற்பத்தியைக் கூட்டுவதைக் கண்டார்கள். நீல நிறத்தில் விற்கப்படும் சீரங்கள் பெரும்பாலும் இந்த வகை. அந்த நீலம் செம்பின் நிறம்.

இரண்டாவது, செய்திப் பெப்டைடு. இதன் கதை சுவையானது. கொலாஜன் உருவாகும்போது அதன் முனையிலிருந்து சில துண்டுகள் வெட்டி அகற்றப்படுகின்றன. 1993-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பணியாற்றிய ஆய்வாளர்கள், அந்தத் துண்டில் உள்ள ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு சரம், மேலும் கொலாஜனை உற்பத்தி செய்யும்படி உயிரணுக்களைத் தூண்டுவதைக் கண்டறிந்தார்கள். உடைந்த துண்டைக் கண்டதும், 'எங்கோ சேதம் ஏற்பட்டிருக்கிறது, பழுது பார்க்க வேண்டும்' என்று உயிரணு எடுத்துக்கொள்கிறது என விளக்கம் தரப்படுகிறது. பிரான்சின் செடர்மா நிறுவனம் இந்தப் பெப்டைடோடு ஒரு கொழுப்பு அமிலத்தை இணைத்து 'மேட்ரிக்சில்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

மூன்றாவது, நரம்புச் செய்தியைத் தணிக்கும் பெப்டைடு. நெற்றியைச் சுருக்கும்போதும் சிரிக்கும்போதும் தசைகள் இழுப்பதால் கோடுகள் விழுகின்றன. போட்டாக்ஸ் ஊசி, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத் தடுத்து அந்தத் தசையைத் தற்காலிகமாக ஓய்வெடுக்க வைக்கிறது. புருவங்களுக்கு இடையே விழும் கோடுகளுக்காக அதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2002-இல் அனுமதி அளித்தது. அதே ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட 'ஆர்ஜிரலின்' என்ற பெப்டைடைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். போட்டாக்ஸ் தாக்கும் அதே புரதத்தின் ஒரு பகுதியைப் போலவே அமைக்கப்பட்டது இது. 'ஊசியில்லா போட்டாக்ஸ்' என்ற விளம்பரச் சொல் இப்படிப் பிறந்ததுதான்.

கதவைத் தாண்டுமா?

ஆய்வுக்கூடத் தட்டில் உள்ள உயிரணுவின் மேல் பெப்டைடை நேராக ஊற்றலாம். முகத்தில் அப்படி முடியாது. நடுவில் தோல் இருக்கிறது. அந்நியப் பொருள்கள் உள்ளே வராமல் தடுப்பதே தோலின் முதல் கடமை. தோலின் மேற்பரப்பில் இறந்த உயிரணுக்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காக அமைந்து, இடையிடையே கொழுப்புப் பூசப்பட்டிருக்கின்றன. இந்தப் படலம் தலைமுடியின் தடிமனைவிட மெல்லியது. ஆனாலும் பலமான வேலி.

2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் ஒரு விதியை முன்வைத்தார்கள். மூலக்கூறின் எடை 500 டால்டனுக்கு மேல் போனால், அது தோலைக் கடப்பது கடினம் என்பதே அந்த விதி. டால்டன் என்பது மூலக்கூறுகளை நிறுக்கும் அளவை. இந்த அளவையில் ஜிஎச்கே பெப்டைடின் எடை ஏறக்குறைய 340. மேட்ரிக்சில் பெப்டைடு ஏறக்குறைய 800. ஆர்ஜிரலின் கிட்டத்தட்ட 890. பின்னிரண்டும் விதியின் எல்லையைத் தாண்டிவிட்டன. அதோடு, பெப்டைடுகள் இயல்பாகவே நீரை விரும்புபவை. கொழுப்பு பூசிய வேலி அவற்றை எளிதில் உள்ளே விடுவதில்லை.

இந்த இடையூற்றைச் சமாளிக்கத்தான் கொழுப்பு அமிலம் சேர்க்கப்பட்டது. மலேசியர்களுக்கு இதில் ஓர் அறிமுகமான பெயர் உண்டு. சீரம் குப்பியின் பின்புறம் 'பால்மிட்டோயில்' என்று தொடங்கும் நீளமான சொல்லைப் பார்க்கலாம். அது பால்மிட்டிக் அமிலத்தைக் குறிக்கிறது. பனை வகைகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் தோட்டப்புறங்களில் விளையும் செம்பனையின் எண்ணெயில் ஏறக்குறைய 44 விழுக்காடு இந்த அமிலம்தான். நீரை விரும்பும் பெப்டைடுக்குக் கொழுப்பாலான ஒரு வாலை ஒட்டவைத்தால், கொழுப்பு வேலியில் அது கொஞ்சம் எளிதாக நுழையும். எடை கூடினாலும் நுழைவு கூடுகிறது.

ஆர்ஜிரலினுக்கு அந்த வால் இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தானமாகப் பெறப்பட்ட மனிதத் தோலின் மேல் இந்தப் பெப்டைடு கலந்த பூச்சைத் தடவிப் பார்த்தார்கள். பூசியதில் பெரும்பகுதி கழுவும்போதே போய்விட்டது. 1 விழுக்காடுகூட உள்ளே நுழையவில்லை. நுழைந்ததும் மேற்படலத்திலேயே தங்கிவிட்டது. தசை இருப்பதோ அதற்கு வெகு ஆழத்தில். ஊசி செய்யும் வேலையைப் பூச்சு செய்யும் என்று சொல்வோர் பதில் சொல்ல வேண்டிய இடம் இது.

மனிதர்களிடம் கண்ட பலன்

அப்படியென்றால் பெப்டைடு எல்லாமே ஏமாற்றா? அப்படியும் சொல்லிவிட முடியாது.

மேட்ரிக்சில் பெப்டைடைப் பற்றிய முக்கியமான ஆய்வு 2005-இல் வெளிவந்தது. 35 முதல் 55 வயது வரையிலான 93 பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். முகத்தின் ஒரு பாதியில் சாதாரண ஈரப்பூச்சு. மறு பாதியில் அதே ஈரப்பூச்சு, ஆனால் பெப்டைடு கலந்தது. எந்தப் பக்கம் எது என்பது பெண்களுக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. 12 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது பெப்டைடு பூசிய பக்கத்தில் மெல்லிய கோடுகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. வேறுபாடு உண்மையானது, ஆனால் சிறியது. கலந்த பெப்டைடின் அளவோ பத்து லட்சத்தில் 3 பங்குதான்.

இந்த ஆய்வை நடத்தியவர்கள் முகப்பூச்சு தயாரிக்கும் புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் ஆய்வு பொய் என்று ஆகிவிடாது. ஆனால் இந்தத் துறையில் பெரும்பாலான ஆய்வுகள் விற்பவர்களின் செலவிலேயே நடக்கின்றன என்பது வாங்குகிறவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

ஆர்ஜிரலினைப் பற்றிய 2002-ஆம் ஆண்டு ஆய்வில், 30 நாள்களில் சுருக்கத்தின் ஆழம் 30 விழுக்காடு வரை குறைந்ததாகச் சொல்லப்பட்டது. விளம்பரங்களில் இன்றும் காணப்படும் எண் இதுதான். ஆனால் அதில் கலந்துகொண்ட பெண்கள் பத்துப் பேர் மட்டுமே. பின்னர் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 60 சீனர்கள் 4 வாரங்கள் கலந்துகொண்டார்கள். கண்ணைச் சுற்றிய சுருக்கத்தில் வெற்றுப் பூச்சைவிட ஆர்ஜிரலின் நன்றாக வேலை செய்ததாக அது தெரிவித்தது. ஆழத்திற்குப் போகாத பொருள் எப்படிப் பலன் தருகிறது என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

இங்கே ஓர் எளிய உண்மையையும் கவனிக்க வேண்டும். எந்த ஈரப்பூச்சைத் தடவினாலும் வறண்ட தோல் நீரை ஏற்று உப்பும். மெல்லிய கோடுகள் மறையும். பூசிய சில நாள்களில் "முகம் மாறிவிட்டது" என்று மகிழ்வோர் காண்பது பெரும்பாலும் ஈரப்பதத்தின் வேலையைத்தான். பெப்டைடின் வேலை என்று ஒன்று இருந்தால், அது தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். ஆகவே "மூன்றே நாளில் இளமை" என்று சொல்லும் பூச்சை நம்பி வாங்கினால், அந்த மாற்றம் பெப்டைடால் வந்ததாக இருக்க வாய்ப்பில்லை.

யாருடைய தோலில் சோதித்தார்கள்?

2005 ஆய்வில் கலந்துகொண்ட 93 பேரும் வெள்ளையினப் பெண்கள். இதை நம்மவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும்.

மாநிறமும் கறுப்பும் கொண்ட தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம். அது வெயிலிலிருந்து ஓரளவு இயற்கைப் பாதுகாப்பு தருகிறது. அதனால் வெள்ளைத் தோல் உடையவர்களைவிட நம்மவர்களுக்கு முகச் சுருக்கம் பல ஆண்டுகள் தாமதமாகவே வருகிறது. நமக்கு முதலில் வருவது நிற மாற்றம். கன்னத்தில் மங்கு, கண்ணுக்குக் கீழே கருமை, பரு வந்து போன இடத்தில் கரும்புள்ளி, நெற்றி ஒரு நிறம் கன்னம் ஒரு நிறம் என்று வயது நம் முகத்தில் இப்படித்தான் முதலில் எழுதுகிறது.

பெப்டைடுகள் பெரும்பாலும் சுருக்கத்திற்காகவே ஆராயப்பட்டவை. மங்கைப் போக்கும் என்ற எண்ணத்தில் ஒரு நாற்பது வயதுப் பெண் விலை உயர்ந்த பெப்டைடு சீரத்தை வாங்கினால், நோய் ஒன்றாகவும் மருந்து வேறாகவும் இருக்கும். மாதம் 200 ரிங்கிட் செலவழித்தால் ஆண்டுக்கு 2,400 ரிங்கிட். அந்தப் பணத்தில் தோல் மருத்துவரைப் பார்த்து, தனக்கு இருப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளலாம். ஆண்டு முழுமைக்கும் வெயில் காப்புப் பூச்சும் வாங்கலாம்.

மலிவான மருந்து

தோல் முதுமையைத் தடுப்பதில் மிக உறுதியாக நிறுவப்பட்ட பொருள் வெயில் காப்புப் பூச்சான சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை நடந்த சோதனையில், 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரின் தோலை ஆராய்ந்தார்கள். தினந்தோறும் பூசச் சொல்லப்பட்டவர்களின் தோலில், விருப்பம்போல் பூசியவர்களைவிட முதுமை அறிகுறிகள் 24 விழுக்காடு குறைவாக இருந்தன. இந்த முடிவு 2013-இல் வெளியிடப்பட்டது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு ஆண்டு முழுவதும் வெயில் காலம். மேகமூட்டமான நாளிலும் புற ஊதாக் கதிர்கள் வருகின்றன. கார்க் கண்ணாடி வழியாகவும் ஒரு பகுதி நுழைகிறது. "நான் கறுப்புத்தானே, எனக்கெதற்கு?" என்று சொல்வோர் பலர். மங்கு உள்ளவர்களுக்கு இது மிகவும் தேவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலில் மங்கைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தை ஒத்த பூச்சு இன்னும் நல்லது.

சுருக்கத்திற்கு மருந்து என்ற தகுதியோடு இருப்பது ட்ரெட்டினோயின். இது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. மெல்லிய சுருக்கங்களுக்காக அமெரிக்கா 1995-இல் இதற்கு அனுமதி தந்தது. பெப்டைடைவிட இதற்குச் சான்று அதிகம். தோல் சிவத்தல், உரிதல், எரிச்சல் போன்ற தொல்லைகளும் அதிகம். மருத்துவரின் ஆலோசனையோடுதான் பயன்படுத்த வேண்டும். கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும். பெப்டைடின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. அது பெரும்பாலும் தோலை எரிச்சலூட்டுவதில்லை. வைட்டமின் ஏ பூச்சைத் தாங்க முடியாத மென்மையான தோல் உடையவர்களுக்கு, சிறு பலனானாலும் தொல்லையில்லாத பலனைத் தருவது பெப்டைடு.

குப்பியைப் படிப்பது எப்படி?

மூலப்பொருள் பட்டியலில் அதிகம் உள்ளது முதலிலும் குறைவாக உள்ளது பின்னாலும் எழுதப்படும். 1 விழுக்காட்டுக்குக் குறைவானவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். பெப்டைடு மிகச் சிறிய அளவில் வேலை செய்யும் பொருள் என்பதால் பட்டியலின் கடைசியில் இருந்தால் குற்றமில்லை. ஆனால் 'பெப்டைடு 10 விழுக்காடு' என்று முகப்பில் பெரிய எழுத்தில் இருந்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பெரும்பாலும் அந்தப் 10 விழுக்காடு என்பது, தொழிற்சாலை வாங்கிக் கலக்கும் பெப்டைடுக் கரைசலின் அளவு. அந்தக் கரைசலில் பெரும்பகுதி தண்ணீரும் கிளிசரினும்தான். உண்மையான பெப்டைடு அதில் மிகச் சொற்பம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2008 ஜனவரி 1 முதல், ஆசியான் நாடுகளின் பொதுவான அழகுசாதன நெறிமுறை நடப்பில் உள்ளது. மலேசியாவில் விற்கப்படும் ஒவ்வொரு முகப்பூச்சும் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ-விடம் அறிவிக்கப்பட்டு, 'என்ஓடி' என்று தொடங்கும் எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். சிங்கப்பூரில் இந்தப் பொறுப்பு சுகாதார அறிவியல் ஆணையத்தினுடையது. எண் இருக்கிறது என்றால் பொருள் அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அது சுருக்கத்தைப் போக்கும் என்று அரசாங்கம் சான்று அளித்துவிட்டதாகப் பொருள் அல்ல.

உண்மையான ஆபத்து எங்கே?

சரியான முறையில் தயாரிக்கப்பட்ட பெப்டைடு பூச்சால் பெரிய கெடுதல் இல்லை. பலன் குறைந்தால் பணம்தான் நட்டம். ஆனால் உடனடி மாற்றத்தைத் தேடி அலைகிறவர்கள் வேறு வலையில் விழுகிறார்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு ஆகியவை கலந்திருந்ததற்காகப் பல முகப்பூச்சுகளின் அறிவிப்பை என்பிஆர்ஏ அவ்வப்போது ரத்து செய்து, பெயர்களை வெளியிட்டு வருகிறது. பாதரசம் தோலின் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசிய தாயிடமிருந்து தொட்டுத் தழுவும் பிள்ளைக்கும் போகும். ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளபளப்பாக்கும். பிறகு தோலை மெலிதாக்கி, இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும்படி செய்துவிடும்.

ஆகவே பெயரில் பெப்டைடு இருந்தாலும், எண் இல்லாத, மூலப்பொருள் பட்டியல் இல்லாத, ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் பூச்சு எதுவானாலும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. பசார் மாலாமில் வாங்கினாலும் சரி, இணையத்தில் வாங்கினாலும் சரி, இதே விதிதான்.

அண்மைய ஆண்டுகளில் இன்னொரு பழக்கமும் பரவி வருகிறது. செம்புப் பெப்டைடு போன்றவற்றைத் தூளாக, 'ஆய்வுக்கு மட்டும்' என்ற குறிப்போடு இணையத்தில் விற்கிறார்கள். சிலர் அதை வாங்கி, நீரில் கரைத்து, தாங்களே ஊசி போட்டுக்கொள்கிறார்கள். பூச்சுக்குத் தோல் என்ற வேலி இருக்கிறது. ஊசிக்கு எந்த வேலியும் இல்லை. தூளில் என்ன கலந்திருக்கிறது, கிருமி இல்லாததா என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. முகத்தில் பூசினால் பாதுகாப்பானது என்பதால் உடலில் ஏற்றினாலும் பாதுகாப்பானது என்று எண்ணுவது பெரிய தவறு.

பயன்படுத்த விரும்புவோருக்கு

எல்லாம் அறிந்த பிறகும் பெப்டைடைப் பயன்படுத்திப் பார்க்க விரும்பினால், தாராளமாகச் செய்யலாம். சில முறைகளைக் கடைப்பிடித்தால் கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு.

1. முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள்கள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் வேண்டாம்.

2. முகத்தைக் கழுவியபின் சீரம், அதன்மேல் ஈரப்பூச்சு, பகலென்றால் கடைசியாக வெயில் காப்புப் பூச்சு. இதுதான் வரிசை. வெயில் காப்புப் பூச்சு குறைந்தது எஸ்பிஎஃப் 30 ஆக இருக்கட்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

3. செம்புப் பெப்டைடையும் வைட்டமின் சி சீரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச வேண்டாம். செம்பு வைட்டமின் சி-யைச் சிதைக்கக்கூடியது. ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை இரவிலும் வைத்துக்கொள்ளலாம்.

4. ஒரே நேரத்தில் நான்கு புதிய பொருள்களைத் தொடங்காதீர்கள். எது பலன் தந்தது, எது கெடுத்தது என்பது தெரியாமல் போய்விடும்.

5. தொடங்கும் நாளில் ஒரு படம் எடுத்து வையுங்கள். 12 வாரங்கள் கழித்து அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுங்கள். வேறுபாடு தெரியாவிட்டால் அடுத்த குப்பி வாங்கத் தேவையில்லை.

6. குப்பியை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் உள்ளிருக்கும் பொருளைக் கெடுத்துவிடும்.

பெப்டைடு பொய்யான பொருள் அல்ல. உடலே பயன்படுத்தும் செய்தி மொழியை அறிவியல் கற்றுக்கொண்டதன் விளைவு அது. அந்த மொழியில் ஓரிரு சொற்களைத்தான் இப்போது தோலுக்குள் அனுப்ப முடிகிறது. விளம்பரமோ முழுக் கதையையே சொல்லிவிட்டதாக முழங்குகிறது. இந்த இடைவெளியை அறிந்தவர் ஏமாறமாட்டார்.

வெயிலுக்கு ஒரு பூச்சு, வறட்சிக்கு ஓர் ஈரப்பூச்சு, புகைக்கு ஒரு முழுக்கு, சர்க்கரைக்கு ஒரு கட்டுப்பாடு, போதிய உறக்கம். இவை நடந்தபின் கையில் காசு மிஞ்சினால் பெப்டைடு வாங்கலாம். இவை எதுவும் நடக்காமல் பெப்டைடு மட்டும் வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டில் சுவருக்கு வர்ணம் அடிப்பதைப் போன்றது.